லோஷினி என்று கூப்பிட்டால்

யோங் பெங்,
3.3.2024

என்னங்க,

பாப்பாவுக்குச் சளி குறைந்திருக்கிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் காகிதம்.

ஏன் சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போனாய் என்று கேட்டீர்கள். அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் மொழியியல் ஆய்வேடு கைக்கு வந்தது. ‘மனிதப் பெயர்களுக்குப் பொருள் உண்டா?’ முதல் பக்கத்திலேயே ‘என் லோஷினிக்கு’ என்று போட்டிருக்கிறீர்கள், பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். நம் மகள் லோஷினி பிறந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

“புதுசா இருக்குலா” என்று சொல்லி, நான் ஆசையாக வைத்திருந்த பெயரைத் தள்ளிவிட்டு, நீங்களாகவே போய்ப் பதிந்துவிட்டு வந்தீர்களே. யார் அவள்? என்னைவிட அழகா? வயிறு எரிகிறது. பெயரை மாற்றுங்கள். மாற்றாமல் நான் வரமாட்டேன்.

பிரேமலா


உலு திராம்,
7.3.2024

அன்புள்ள பிரேமா,

அவள் என்னோடு படித்தவள். கல்யாணமாகிப் பெர்த் நகருக்குப் போய்விட்டாள். பேசிப் பத்து வருடமாகிறது.

ஆய்வேட்டில் எழுதியதையே சொல்கிறேன். பெயருக்குப் பொருள் கிடையாது, அது ஆளைச் சுட்டும், அவ்வளவுதான். எங்கள் ஆபீஸ் சாந்தினி வாயைத் திறந்தால் கூரை பறக்கும். அதற்காக அவள் பெயர் பொய் என்று யாரும் சொல்வதில்லை. நம் வீட்டில் லோஷினி என்றால் நம் மகள்தான்.

நீங்கள் இரண்டு பேரும் இல்லாமல் சோறு இறங்கவில்லை. வந்துவிடு.

உன் சுகுமாறன்


யோங் பெங்,
11.3.2024

என்னங்க,

பொருள் கிடையாதா? அம்மா நாற்பது வருடமாக அப்பா பெயரைச் சொன்னதில்லை. போன வாரம் கிளினிக் கவுண்டரில் கேட்டதற்கு, “நீயே சொல்லிரு லா” என்று என்னை முன்னால் தள்ளினார். நானும் இன்றுவரை உங்கள் பெயரைச் சொன்னதில்லை. வெறும் சத்தமென்றால் எங்களுக்கு ஏன் வாய் வரவில்லை?

ஒன்று செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லுங்கள். முதலில் யார் முகம் வருகிறது? மழுப்பாமல் எழுதுங்கள்.

பிரேமலா


உலு திராம்,
17.3.2024

பிரேமா,

இன்று மத்தியானம் நீ சொன்னபடி செய்தேன். முதலில் அவள்தான் வந்தாள். பிறகுதான் பாப்பா. மறுபடி சொன்னேன், அப்படியேதான். வெட்கமாக இருக்கிறது.

பெயர் மாற்றும் பாரத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். புதுப் பெயருக்கான இடம் காலி. உனக்குப் பிடித்ததை எழுதிக்கொள்.

சுகுமாறன்


யோங் பெங்,
22.3.2024

சுகுமாறனுக்கு,

பாரம் கிடைத்தது. இரண்டு நாள் அழுதேன். பிறகு எழுதலாமென்று பேனாவை எடுத்தேன். பாப்பா பாயில் குப்புறக் கிடந்தாள். நான் ஆசையாக வைத்திருந்த பெயரைச் சொல்லி, “அமுதினி” என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. “லோஷினி” என்றேன். தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

நானும் கண்ணை மூடிச் சொன்னேன். எனக்கு நம் பாப்பா மட்டும்தான் வருகிறாள். எவளோ ஒருத்திக்காக என் மகளுடைய பெயரை அவளிடமிருந்து பிடுங்க மாட்டேன். பாரத்தைக் காலியாகவே திருப்பி அனுப்புகிறேன்.

தினமும் சொல்லிப் பழகுங்கள். உங்களுக்கும் பாப்பா முதலில் வருகிற அன்று எங்களைக் கூட்டிப்போக வாருங்கள். அதற்கு முன்னால் வராதீர்கள். நீங்கள் கூப்பிடும் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

மேலே உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா? எழுதும்போது உங்கள் முகம்தான் வந்தது. வேறு யாரும் வரவில்லை.

லோஷினியின் அம்மா