மாமியார் பக்கம் அழிந்த நாள்

அன்புள்ள வாயாடிக்கு,

அந்தத் திங்கட்கிழமை மேலாளர், "வெள்ளிக்கிழமை யாரோட முறை?" என்று கேட்டபோது, "அழித்தது நான்" என்று நான் சொல்லவில்லை. இரண்டே சொல். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

நலம் விசாரிப்பதற்கு முன்பே இதை எழுதிவிட்டேன். இல்லாவிட்டால் மூன்று பக்கம் ஊர்க்கதை அளந்துவிட்டு இதை விழுங்கிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். அம்மாவுக்கு இடுப்பு வலி குறைந்ததா? மாடிப்படி ஏறுகிறார்களா?

நம் சோதனை அறை அப்படியே இருக்கிறது. ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்த நாற்காலியைக்கூட மாற்றவில்லை. நம் கணினியில் இன்றும் பழைய இயங்குதளமும் சோதனையில் இருக்கும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில்தான். கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று பத்து வினாடி கேட்டுவிட்டு, பதில் சொல்லாவிட்டால் தானாகப் பழையதற்குள் போய்விடுகிறது. ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர் என்பதால் பழையதற்கு மாமியார், புதியதற்கு மருமகள் என்று நீதான் பேர் வைத்தாய். நிரல் எழுதுகிறவர்கள் வாசலில் எட்டிப் பார்த்து, "மருமக எழுந்தாச்சா?" என்பார்கள். "எழுந்துட்டா, வாயத்தான் தொறக்க மாட்டேங்கறா" என்பாய். ஒலி வரவில்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

மருமகள் முதன்முதலாக ஒரு நாள் முழுக்க விழாமல் ஓடினாளே, அன்று பேருந்தை விட்டுவிட்டு நடந்தே வீடு திரும்பினோம். வழி முழுக்க நீ பேசினாய், நான் கேட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு நடந்ததில்லை.

வெள்ளிதோறும் மருமகள் பக்கத்தை அழித்துப் புதிதாக நிறுவுவோம். அழிப்பதற்கு முன் ஒருத்தி அந்தப் பகுதியின் பெயரையும் அளவையும் உரக்கப் படிக்க வேண்டும், மற்றவள் "சரி, அழி" என்று சொல்ல வேண்டும். நாம் போட்ட சட்டம். அந்த வெள்ளிக்கிழமை அம்மா வழுக்கி விழுந்தார்கள் என்று நீ ஓடினாய். உன் முறையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காலையில் இன்னொரு டிஸ்க் மாட்டியிருந்ததால் திரையில் பகுதிகளின் வரிசை மாறியிருந்தது. தனியாக இருக்கும்போது யாருக்குப் படித்துக் காட்டுவது? பழக்கத்தில், எப்போதும் மருமகள் இருக்கும் இரண்டாவது வரியை அழுத்திவிட்டேன். அன்று அங்கே இருந்தது மாமியார். மருமகளை நம்ப முடியாதென்று எட்டு மாதச் சோதனைக் குறிப்புகளை நீ மாமியார் பக்கத்தில்தான் வைத்திருந்தாய். எல்லாம் போயின. அவற்றுக்குப் பிரதி எடுத்து வைக்க வேண்டியதும் நான்தான். அதையும் தள்ளிப்போட்டிருந்தேன்.

திங்களன்று முறைப் பட்டியலில் உன் பெயர் இருந்தது. "என் முறைதான் சார்" என்றாய். நீ அழிக்கவில்லை என்று உனக்குத் தெரியும். அந்த அறைச் சாவி நம் இருவரிடம் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் என் பக்கம் நீ திரும்பவே இல்லை. நான் வாயைத் திறக்கக் காத்திருந்தாயா? அல்லது திறக்க மாட்டேன் என்று முடிவே செய்துவிட்டாயா? மாதக் கடைசியில் உன்னை அனுப்பிவிட்டார்கள். உன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள்.

நேற்று மேலாளர் சொன்னார்: "ஒங்க வாயாடியப் பத்திக் கேட்டு வெளியூர்லேர்ந்து கடுதாசி வந்திருக்கும்மா. புது வேலையாம். ஃபைல்ல இருக்கறத அனுப்பிட வேண்டியதுதான்." ஃபைலில் இருப்பது 'கவனக்குறைவு' என்ற ஒரே வரி.

நீ நன்றாக இருக்க வேண்டும், அந்த வேலை உனக்குக் கிடைக்க வேண்டும். என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது. உன் திட்டும் இல்லாமல் இந்த அறை மிகவும் அமைதியாக இருக்கிறது.

உன்
ஊமைக்கோட்டான்

பி.கு.: இதை உறையில் போடுவதற்கு முன் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். ஃபைலை எடுத்து, உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.