தலைப்பிரசவத்துக்கு வந்தவள்

ராயப்பன்பட்டி,
12-12-1949

என் அன்பு மகள் சூசையம்மாளுக்கு, சேசு மரி சூசை உன் வீட்டைக் காக்க வேண்டி அம்மா எழுதுவது.

நான் சுகம். மூட்டுவலி மட்டும் என்னைவிடப் பிடிவாதமாக இருக்கிறது. மாப்பிள்ளை ஏசுதாசனுக்குத் தொண்டை தேறியதா? தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கத்திப் பாடம் நடத்த வேண்டாம் என்று சொல்.

உன் கடிதத்தைப் படித்தேன். மாப்பிள்ளையும் அவர் தகப்பனும் இலங்கையில் ஹட்டனிலேயே பிறந்தவர்கள், அதனால் அவருக்குத் தடையில்லை. நீ மகனை இந்தியாவில் பெற்றதால் உன் நிரந்தர வீடு இந்தியாதான், இலங்கைக் குடியுரிமை கிடையாது என்கிறாராமே அதிகாரி. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்காத குடும்பம் நம் பக்கத்தில் உண்டா? கட்டுச்சோற்றோடு கப்பலேறி வந்து உன்னை அழைத்துப் போனவள் நான். அவர் என்னைக் கேட்கட்டும்.

தானாகவே இந்தியா திரும்புவதாகக் கையெழுத்துப் போட்டால் விசாரணைக்கு அலைய வேண்டாம் என்று தோட்டத்துக் கிளார்க் சொன்னதாக எழுதியிருக்கிறாய். போடாதே. புருஷனையும் பிள்ளையையும் ஒரு கரையில் விட்டு மறுகரையில் என்ன செய்வாய்? விசாரணைக்குப் போ. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேள். தெரியாத பாஷையில் எதை நீட்டினாலும் பொருள் சொல்லச் சொல். குரலை உயர்த்தாதே, தலையையும் குனியாதே.

சென்ற செவ்வாய் உனக்குப் பிரசவம் பார்த்த ராமுத்தாயோடு உத்தமபாளையம் கோர்ட்டுக்கு வாக்குமூலம் கொடுக்கப் போனேன். பிள்ளை பிறந்ததை நேரில் பார்த்தாயா என்று கேட்டதற்கு அவள், "பெறகு? நான் ஏந்தாம அவன் தானா வந்து விழுந்தானாக்கும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, வாயில் வெற்றிலையோடு வந்திருந்தாள்.

வாக்குமூலம் எழுதிய குமாஸ்தா முத்துவீரன், மகள் என் வீட்டில் வசித்தாள் என்று எழுதினார். வசிக்கவில்லை, பேறுகாலத்துக்கு வந்து போனாள் என்று திருத்தச் சொன்னேன். இன்னொரு வரியும் வேண்டும் என்று நான் யோசனை கேட்ட வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். அதை நான் சொன்னதும் முத்துவீரன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏன் ஆத்தா, ஊர்ல அவுகவுக பிள்ளைகள வா வான்னு கூப்பிடுறாக. மகளுக்கு இங்கன இடமில்லேன்னு எழுதிக் குடுக்கவா நீங்க இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்றார். எழுதுங்கள் என்றேன்.

இந்தியாவில் என் மகளுக்கு வீடு இல்லை. இதுதான் அந்த வரி. வேதபுத்தகத்தைத் தொட்டுச் சொன்னேன். பொய்ச் சத்தியம் என் வாயில் வராது என்று உனக்குத் தெரியும். அதனால் முந்தின நாளே வீடு முழுவதையும் உன் அண்ணன் பெயருக்கு எழுதி ரிஜிஸ்டர் செய்துவிட்டேன்.

வாக்குமூலத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். விசாரணையில் மாப்பிள்ளை அதை உரக்க வாசிக்கட்டும். அந்த வரி வரும்போது மட்டும் நீ காது கொடுக்காதே, மகளே. அது அதிகாரி கேட்பதற்காக எழுதியது.

மாதா உன்னை நடத்துவாள். பேரனுக்கு என் முத்தம்.

ஜெபமாலைதோறும் உன் பெயரைச் சொல்லும்
அம்மா அருளாயி