முதுகு காட்டிய வகுப்பு

அன்புள்ள கோமதிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? சங்கரன்கோவிலில் மழை உண்டா? காஞ்சிபுரத்தில் நான் சுகமாக இருக்கிறேன்.

கூரம் செப்பேட்டை வைத்துப் பல்லவர் காலத்தைக் கற்பிப்பது பற்றி, சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தேன். அதை வீடியோ பிடித்தார்கள்.

"செமையா வந்துருக்குது சார்! இனிமே எல்லா ட்ரெய்னிங்லயும் இதையே போட்டுக்கினு இருப்போம். வயசான காலத்துல நீங்க எதுக்கு அலையணும்?" என்று சிரித்தாள், பயிற்சி மையப் பொறுப்பாளர் ஏஞ்சல். அதனால் இந்த மாதத்தோடு எனக்கு இங்கே வேலை முடிகிறது. நீ கவலைப்படாதே.

வீடியோவை நானும் பார்த்தேன். முழு நேரமும் செப்பேட்டுப் படத்தைப் பார்த்தே பேசுகிறேன். ஆசிரியர்களுக்குத் தெரிவது என் முதுகுதான். பாதிப்பேர் கைபேசியில் இருக்கிறார்கள். பள்ளியில் இருந்த காலமெல்லாம் இப்படித்தான் நடத்தினேனா? ஒருமுறை திரும்பியிருந்தால் தெரிந்திருக்கும்.

நம் வீட்டு முன்னறையில் நான் சுருட்டி வைத்த பாட வரைபடங்களை, நீ சொன்னபடியே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடு. இன்னொன்று: என் மாணவர் யாராவது கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், நான் நடத்திய பாடம் ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பார். இல்லை என்று சொன்னால் எனக்கு எழுத வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. மாத்திரையை மறக்காதே.

சங்கரலிங்கம்