கருவாட்டுச் சம்பலும் கொடியேற்றமும்

ஜூலை 7, திங்கள்
சுவைக்குழுவின் முதல் நாள். உடுவிலில் இருந்து பத்துப் பேர், எல்லாரும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள். ரொறன்ரோவுக்கு அனுப்ப ஒன்றைத் தெரிவதற்காக வைத்த மூன்று போத்தல் கருவாட்டுச் சம்பலையும் ருசித்துவிட்டு உப்பு, உறைப்பு, மணம் எல்லாவற்றுக்கும் நேரே "நல்லாயிருக்கு" என்று எழுதி வைத்தார்கள். ருசித்ததைத் துப்புங்கோ என்றேன். ஜெயகௌரி ரீச்சர் ஒரு பார்வை பார்த்தார். "தந்த சாப்பாட்டைத் துப்பிறதோ பிள்ளை?" இந்த நாக்குகள் மரியாதையை மறக்க மூன்று வாரமாவது பயிற்சி வேண்டும்.

ஜூலை 9
கொழும்பில் படித்த கிருஷாந் என்று ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். விரைவு முறையாம். பெரிய கடதாசியை விரித்து, ஒரேமாதிரி ருசிப்பதைக் கிட்ட வை, வேறுமாதிரி ருசிப்பதைத் தள்ளி வை, அவ்வளவுதான். பயிற்சி வேண்டாமாம், ஒரு காலைப்பொழுது போதுமாம். நேசரிப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஒரு சான்றிதழ்!

முதலாளி வின்சன்ற் அண்ணை சிரித்தார். "ரெண்டு பேரும் செய்யுங்கோ. ஆருடைய முறை பிரயோசனமோ அவைக்குத்தான் நிரந்தர வேலை." மூன்று வருடமாக ஒப்பந்தத்தில் இழுபடுகிறேன். எனக்கு இது வேண்டும்.

ஜூலை 28
என்ன நாக்குகள் இப்போது! எண்ணெய் எந்தக் கிழமை வாங்கியது என்றுகூடச் சொல்லுவார்கள் போலிருக்கிறது. நாளை உண்மையான சோதனை. இரக்கப்பட்டுக் கிருஷாந்துக்கு ஒரு கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 29
ஒருத்தரும் வரவில்லை. ரீச்சருக்குப் போன் எடுத்தேன்.

"இண்டைக்கு நல்லூரிலை கொடியெல்லே? இருபத்தைஞ்சு நாள், தீர்த்தத் திருவிழா முடியுமட்டும் நாங்கள் சைவம். கருவாட்டை மணக்கவும் மாட்டம்."

நான் குருநகர்க் கத்தோலிக்கப் பிள்ளை. தவக்காலத்தைக் கவனமாகத் தவிர்த்துத்தான் திகதி வைத்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து — விசரி, உனக்கு நல்லூர்க் கொடி தெரியாதோ?

ஓகஸ்ட் 3, ஞாயிறு
பூசை முடிந்த கையோடு எங்கள் பங்குத் தேவாலய மண்டபத்தில், எங்கள் ஆட்களையே இருத்திக் கடதாசி விரித்தார் கிருஷாந். தானும் சைவமாம், மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். றோஸ் மாமி வைத்ததைப் பக்கத்து மேசை எட்டி எட்டிப் பார்த்தது. ஆய்வாம்! மத்தியானத்துக்குள் முடிவு: மூன்றாவது போத்தல் தனியே நிற்கிறது. ஏன் தனியே? கடதாசிக்குத் தெரியாது.

ஓகஸ்ட் 28
திருவிழா முடிந்து என் குழு வந்தது. அதே முடிவு, மூன்றாவது போத்தல் தனியே. இதற்கா இத்தனை பாடு? எரிச்சலாக இருக்கிறது. ஆனால் ரீச்சர் காரணமும் சொன்னார். "எண்ணெய் காறத் துவங்குது. ரெண்டு மாதம் தாங்காது."

ஓகஸ்ட் 29
வின்சன்ற் அண்ணை இரண்டு அறிக்கையையும் திறக்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து வந்து நிற்கிற அவருடைய மச்சான் மூன்றாவது போத்தலை ருசித்து "நல்லாயிருக்கு" என்றாராம். அதைத்தான் அனுப்புகிறார். இதைவிட விரைவான முறை உலகத்தில் இல்லை.

ஒக்ரோபர் 21
சம்பல் காறுகிறதாம். மச்சானே ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தாராம்.

வின்சன்ற் அண்ணை என் அறை வாசலில் வந்து நின்றார். "ரீச்சர் சொன்னது சரி பிள்ளை. நிரந்தரம் உமக்குத்தான். ஸ்ரோரிலை கிடக்கிற பெட்டியளிலை எது பழுதெண்டு வெள்ளிக்கிழமைக்கு முன்னம் உம்மடை ஆக்களைக் கொண்டு பார்த்துச் சொல்லும்."

ஓம் என்றேன். இந்த முறை கலண்டரையும் பார்த்தேன். நாளைக்குக் கந்தசஷ்டி தொடக்கம். ஆறு நாள் விரதம், ரீச்சர்மார் பச்சைத்தண்ணீரோடு இருப்பார்கள்.

எழும்பிப் போய்க் கிருஷாந்திடம் கேட்டேன், அந்தப் பெரிய கடதாசி மிச்சம் கிடக்கிறதா என்று.