ஆறு படலைகள்

புத்தூரிலிருந்து இப்போதுதான் வந்தேன். துடைத்து வைப்பதற்காகப் பெட்டியைத் திறந்தேன். கற்பூரமும் விறகுப்புகையும். உம்முடைய அம்மாவின் சாப்பாட்டுப் பெட்டிதான் இன்னமும். சூடு போகட்டும் என்று பழுக்கக் காய்ச்சிய ஆணியால் நீர் போட்ட துளைகளால் வாசம் உள்ளே போய்விடுகிறது. பிறகு வெளியே வருவதில்லை.

உமக்கு ஒரு செய்தி இருக்கிறது. ஒருவர் சொல்லிவிட்டிருக்கிறார். ஒரு வரிதான். ஆனால் அதற்கு முன்னால் உள்ளதையெல்லாம் நினைத்துப் பார்க்காமல் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. "உமக்கு நேர் றோட்டு இருந்தாலும் சுத்தித்தான் வருவீர்" என்பீர். ஓம், உண்மைதான்.

நாம் செய்தது செத்தவீடுகளை நேரலையில் காட்டுகிற வேலை. இங்கே ஒருவர் கண் மூடினால் பிள்ளைகளில் பாதிப்பேர் வெளிநாட்டில். சிலருக்கு லீவு இல்லை. சிலருக்கு விசா இல்லை. நான் படம் பிடிப்பவன்; மெய்யியல் படித்துவிட்டு, கவிதை எழுதிக்கொண்டு, ஒரு கமராவோடு நின்றவன். நீர் கணினி படித்தவர். என் கமராவில் விழுவதை உலகத்துக்கு அனுப்புவது உம்முடைய பொறுப்பு. அதற்குத்தான் இந்தப் பெட்டி: உள்ளங்கையளவு கணினி ஒன்று, கைபேசி வலையைப் பிடிக்கிற மூன்று டொங்கிள்கள், விரலளவு திரை, ஒரு சின்ன விளக்கு.

அன்றைக்கும் புத்தூர்தான். ஒரு தாய் இறந்திருந்தார். கடைசி மகன் பிரான்சில், விசா இல்லாமல். தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது வழக்கம். அவருக்குப் பதிலாக ஒன்றுவிட்ட அண்ணன் வைக்க இருந்தார். மகன் உம்மை அழைத்துக் கேட்டது ஒன்றே ஒன்று. "அக்கா, மற்றதெல்லாம் விட்டாலும் பரவாயில்லை. கொள்ளி வைக்கிறதை மட்டும் காட்டுங்கோ."

வீட்டில் எல்லாம் சரியாகப் போனது. வீட்டு வைஃபையில் படம் ஒருமுறைகூடத் தடங்கவில்லை. பறை அடித்தார்கள். ஊர்வலம் புறப்பட்டது. ஒழுங்கை முகப்பில், சின்னத் தெரு றோட்டில் ஏறுகிற இடத்தில், பெண்கள் நின்றுவிட்டார்கள். வெள்ளை வேட்டியில் ஒரு முதியவர் திரும்பி, "பிள்ளை, நீங்கள் இதோடை நில்லுங்கோ" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நீர் வாதாடவில்லை. பெட்டியை என் கையில் தந்தீர்.

"பச்சை எரிஞ்சா படம் போகுது எண்டு அர்த்தம். சிவப்பெண்டா எனக்குப் போன் அடியும்."

சுடலையில் பச்சை எரிந்தது. கடைசிவரை எரிந்தது. நான் நிம்மதியாகப் படம் பிடித்தேன். கைபேசியை மௌனத்தில் போட்டிருந்தேன், இடத்துக்கு மரியாதை. பிறகு எடுத்துப் பார்த்தால் உம்மிடமிருந்து பதினேழு அழைப்புகள்.

திரும்பி வந்தபோது நீர் அதே முகப்பில் தனியே நின்றீர்.

"படம் இந்த இடத்தோடை நிண்டிட்டுது."

"பச்சைதானே எரிஞ்சது."

"தெரியும். அதுதான் பிழை."

அப்போது பிரான்சிலிருந்து அழைப்பு. அவர் கோபிக்கவில்லை. "பரவாயில்லை அக்கா. எப்பிடி நடந்தது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். நீர் கைபேசியை என்னிடம் நீட்டினீர். நீரும் பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னேன். இத்தனை புத்தகம் படித்தவனுக்கு ஆறு வாக்கியம்தான் வந்தது. மறுமுனையில் அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றார்.

மறுநாள் மானிப்பாயில் உம்முடைய வீட்டு மேசையில் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தீர். கணினி வெளியே போகிற வழிக்குப் பாடப்புத்தகங்களில் இடைமுகம் என்று பெயர். நீர் படலை என்றுதான் சொல்வீர், வீட்டு வேலியில் வைக்கிற கதவைப்போல.

"ஒரு கணினி வெளியிலை போக எத்தினை வழி இருக்கோ, அத்தினை படலை. வைஃபை ஒண்டு. கம்பி ஒண்டு. டொங்கிள் மூண்டு. எங்கடை பெட்டிக்கு ஆறு."

"நீர் சொன்னது ஐஞ்சு."

"ஆறாவது தன்ரை வளவுக்குள்ளையே திறக்கிறது, றோட்டுக்கு இல்லை. கணினி தன்னோடை தான் கதைக்கிறதுக்கு வைச்சிருக்கு. எல்லாக் கணினியிலும் இருக்கும். எப்பவும் திறந்தே கிடக்கும். என்னென்ன படலை இருக்கு எண்டு கேட்டா முதலாவதா அதைத்தான் சொல்லும்."

ஊர்வலம் வீட்டைவிட்டுத் தள்ளிப்போக வைஃபை விட்டுப்போனது. அந்தக் கணத்தில் உம்முடைய நிரல் கணினியிடம் திறந்த படலை ஒன்று கேட்டிருக்கிறது. கணினி முதலாவதைக் காட்டியிருக்கிறது. திறந்துதான் இருந்தது, பச்சை எரிந்தது. படம் வளவைத் தாண்டவில்லை.

"அது பொய் சொல்லேல்லை. நான் கேட்ட கேள்விதான் பிழை" என்றீர். பிறகு என் முகத்தைப் பார்த்து, "கவலைப்படாதையும். உம்மடை கவிதையளும் அந்தப் படலையாலைதானே போகுது" என்றீர்.

உம்முடைய அம்மா உள்ளேயிருந்து சிரித்தார்.

முதலாவதை விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். நான்கூட அதைச் சொன்னேன். நீர் மூன்று நாள் எடுத்தீர். திறந்த படலை எல்லாம் றோட்டுக்குப் போகும் என்று யார் சொன்னது என்று கேட்டீர். ஆகவே உம்முடைய புதிய நிரல் முதலில் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டது. தன் வளவுக்குள் திறப்பதை ஒதுக்கியது. மிச்சம் ஒவ்வொன்றின் வழியாகவும் வெளியே ஒரு சின்னச் சொல்லை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்தது. பதில் வந்த படலைதான் படலை. அதையும் நம்பிவிடவில்லை. ஐந்து வினாடிக்கொருமுறை திரும்பக் கேட்டது.

இரண்டாம் நாள் நீர் விழுந்து விழுந்து சிரித்தது நினைவிருக்கிறது. மூன்று டொங்கிளும் ஒரே வகை. "மூண்டு பேரும் ஒரே விலாசத்தைச் சொல்லுறாங்கள்" என்றீர். பெயரும் நிலையில்லை, பெட்டிக்கு மின்சாரம் போடும்போது முந்தி எழும்பினவன் ஒன்று, அடுத்தவன் இரண்டு. கடைசியில் ஒவ்வொன்றுக்குள்ளும் தொழிற்சாலையிலேயே பதித்துவிட்ட எண்ணைத் தேடிப் பிடித்தீர். நகப்பூச்சால் பொட்டு வைத்தீர். சிவப்பு, நீலம், வெள்ளை. வெள்ளைப் பொட்டு இன்று கொஞ்சம் உரிந்திருக்கிறது.

"உந்தப் பெட்டியோடை கதைக்கிற நேரத்திலை பாதியை எனக்குத் தந்தா என்ன?" என்று அம்மா தேநீரை வைத்துவிட்டுப் போனார். "அதுவும் என்ரை பெட்டி."

ஏன் இவ்வளவு என்று நான் கேட்டேன். நீர் திரையிலிருந்து கண் எடுக்கவில்லை.

"நான் அங்கை நிண்டா ஒரு டொங்கிளைக் கழட்டி மற்றதைக் கொழுவுவன். நிக்க ஏலாது. உமக்கு ஒண்டும் தெரியாது. அப்ப நான் செய்யிறதெல்லாத்தையும் இது செய்யவேணும்."

அந்த முதியவரோடு ஏன் வாதாடவில்லை என்று அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஒரு படலையும் பதில் சொல்லாவிட்டால் திரையில் என்ன வரவேண்டும் என்பதற்கு நீர் அதிகம் யோசிக்கவில்லை. எனக்குச் சொல்வதுபோலவே எழுதினீர். "பொறும். திரும்பக் கேக்கிறன்." ஒன்று பதில் சொன்னால், "ஓம். ஒண்டு போதும்."

கீரிமலைப் பக்கத்தில் ஒரு செத்தவீடு. சுடலை கடலோடு. காற்றில் கமரா ஆடியது. திரை இரண்டுமுறை பொறுக்கச் சொன்னது, நான் பொறுத்தேன். பிறகு நீலம் பிடித்தது. கனடாவில் இருந்த மகன்மார் கடைசிவரை பார்த்தார்கள். அன்றைக்கு அவ்வளவுதான் நடந்தது என்று நினைத்திருந்தேன்.

திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து நீர் மற்றதைச் சொன்னீர். படம் வருகிறதா என்று வீட்டு விறாந்தையில் இருந்து கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தீராம். செத்தவரின் மனைவி பக்கத்தில் வந்து அமர்ந்தாராம். "பிள்ளை, எனக்கும் காட்டுமன்." ஒரு பெரியம்மா குறுக்கே வந்திருக்கிறார்: பொம்பிளையள் உதெல்லாம் பாக்கிறேல்லை. நீர் சொன்னீராம்: "நாங்கள் ஒருதரும் போகேல்லையே அம்மா. விறாந்தையிலைதானே இருக்கிறம்." கொஞ்ச நேரத்தில் அந்தப் பெரியம்மாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்திருக்கிறார்.

"கனடாக்காரருக்கு எண்டுதான் எழுதினனான்" என்றீர். "அந்த மனிசி இருந்தது அரை மைலுக்குள்ளை."

தெல்லிப்பழை தாண்டினோம். பிறகு, "அப்பாவை நான் ஒழுங்கை முகப்போடை விட்டனான்" என்றீர். காற்றுச் சத்தத்தில் அதைக் கேட்காததுபோல் ஓட்டினேன். கேட்டது.

பிறகு வந்த மாரி. காய்ச்சல் என்றீர். டெங்கு என்றார்கள். ஐந்து நாள்.

அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெரியாது. அடுத்ததை எழுதுகிறேன்.

உம்முடைய வீட்டிலிருந்த பெட்டியை நான் எடுக்கவில்லை. உம்முடைய அண்ணை கொழும்பிலிருந்து வந்துவிட்டார்; வெளிநாட்டில் யாருமில்லை. உறவினர் ஒருவரும் அதைத்தான் சொன்னார். "எல்லாரும் இஞ்சைதானே. லைவ் ஆருக்கு?"

"எனக்கு" என்றார் அம்மா.

அந்தப் பெட்டியை அவரே மேசைக்கு அடியிலிருந்து எடுத்து வந்தார். "கொண்டு போ தம்பி. எனக்குக் காட்டு." அவ்வளவு நேரமும் அழுதவர், அதைச் சொல்லும்போது அழவில்லை.

ஒழுங்கை முகப்பில் பெண்கள் நின்றார்கள். நீர் நிற்கவில்லை. அன்றுதான் முதல்முறை நீர் அந்த இடத்தைத் தாண்டி வந்தீர்.

சுடலையில் மழை இருண்டு வந்தது. பெட்டியை மதகில் வைத்துத் திறந்தேன். ஆறு படலையும் வரிசையாக வந்தன. தன் வளவுக்குள் திறப்பது: ஒதுக்கியது. கம்பி இல்லை. வைஃபை இல்லை. சிவப்பு, பதில் இல்லை. நீலம், பதில் இல்லை. வெள்ளை, பதில் இல்லை.

பொறும். திரும்பக் கேக்கிறன்.

அண்ணையின் கையில் கொள்ளி. "நேரம் போகுது, மழை பிடிக்கப்போகுது" என்று பின்னால் ஒரு குரல். புத்தூரில் நான் விளக்கை நம்பிக்கொண்டு நின்றவன். யாரையும் நிற்கச் சொல்லிப் பழக்கமில்லாதவன். சுடலையில், கொள்ளியோடு நிற்கிற ஒருவரை, ஒரு பெட்டிக்காக எப்படி நிறுத்துவது.

"அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ" என்றேன். "அம்மாவுக்கு இன்னும் படம் தெரியேல்லை."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். உம்முடைய எழுத்தை வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார்.

"அவள்தானே பொறுக்கச் சொல்லுறாள். நிப்பம்" என்றார்.

நின்றோம். பதினைந்து இருபது பேர், மழைக்கு முன்னால், ஒரு சாப்பாட்டுப் பெட்டியைச் சுற்றி. நீர் திரும்பக் கேட்டீர். திரும்பக் கேட்டீர். முதல் துளி திரையில் விழுந்தது. அதைத் துடைத்தபோது வெள்ளை பதில் சொல்லியிருந்தது.

ஓம். ஒண்டு போதும்.

கீழே சின்னதாக, பார்ப்பவர்: 1.

நான் கமராவை உயர்த்தி அண்ணையைப் பார்த்துத் தலையசைத்தேன்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அம்மா என்னிடம் ஒரு சொல்தான் சொன்னார். "கண்டனான்."

அதன் பிறகு பெட்டியை அம்மா என்னிடமே தந்துவிட்டார். நிரலில் ஒரு வரியும் நான் மாற்றவில்லை. மாற்றத் தெரியாது என்பது ஒரு காரணம். வாசிக்கப் பழகியிருக்கிறேன். எதையும் முதலில் கிடைத்த பதிலோடு விட்டுவிடுகிறவன் நான். படித்ததும் அப்படி, எழுதியதும் அப்படி. இப்போது ஒன்று எழுதினால், வெளியில் ஒருவரிடம் கொடுத்து, அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் திரும்பக் கேட்கிறேன். அது உம்மிடமிருந்து வந்தது. கவிதை குறைந்துவிட்டது.

இனி அந்தச் செய்தி.

நேற்று பிரான்சிலிருந்து அழைப்பு. அதே மகன். "அம்மா மாதிரி ஐயாவும் எங்களை விட்டிட்டுப் போட்டார். எனக்கு விசா இன்னும் சரிவரேல்லை. அக்கா நிப்பாவோ?" என்றார். அவருக்குத் தெரியாது. நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இன்று அதே ஒழுங்கை முகப்பு. அதே முதியவர், கையில் இப்போது ஊன்றுகோல். அவர் என்னிடம் வந்து, பெட்டியைக் காட்டி, "வீட்டிலை நிக்கிற பொம்பிளையளுக்கும் தெரியுந்தானே?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அப்ப சரி" என்று முன்னால் நடந்தார். சுடலையில் திரை ஒருமுறை பொறுக்கச் சொன்னது. பிறகு சிவப்பும் நீலமும் சேர்ந்தே பதில் சொன்னன.

இங்கே வந்து பெட்டியைத் திறக்கும்போது பிரான்சிலிருக்கும் மகனுடைய செய்தி கைபேசியில் கிடந்தது. "அக்காட்டைச் சொல்லுங்கோ. இந்தமுறை கடைசிமட்டும் வந்தது."

ஒருநாள் அவரிடம் உண்மையைச் சொல்வேன். இன்று அவருக்கு ஒரு சாவு போதும். "சொல்லுறன்" என்று பதில் போட்டேன்.

சொல்லிவிட்டேன்.