சேராத சோப்பு

ஆடி, வெள்ளிக்கிழமை.

என் தங்கை செல்லம்மாவுக்குச் சின்ன வயசிலிருந்தே தோல் ரொம்ப மெலிசு. புதுச்சேலைச் சாயம் பட்டாலே தடித்துவிடும். அது தெரியாமல் அவள் புருஷன் நேற்று ஒரு வாசனை சோப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அருவியில் தேய்த்துக் குளித்தவளுக்குச் சாயங்காலமே முகமும் கையும் சிவந்து வீங்கிவிட்டன. பெருவியாதி, பிள்ளைக்கும் தொற்றிவிடும் என்று மாமியார் பயந்துபோய், காலையில் அவளை மட்டும் குற்றாலத்திலிருந்து இங்கே தென்காசிக்கு வண்டியேற்றிவிட்டாள். கைப்பிள்ளையைத் தரவில்லை.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். "இது வியாதியே இல்லை, சோப்பு சேரவில்லை. இனிமேல் பாசிப்பயறு மாவு போதும். அதையும் முதலில் முழங்கையில் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போடட்டும்" என்றார்.

அதைச் சொல்ல உடனே குற்றாலத்துக்குப் போனேன். மாமியார் வாசலை மறித்து நின்றாள். "டாக்டர் சொல்லிட்டுப் போவாரு. முழுசா மறையட்டும், பொறவு பாப்போம்." உள்ளே பிள்ளை வீரிட்டு அழுதான். மாப்பிள்ளை தலைகுனிந்து நின்றார்.

திரும்பி வந்தேன். வாங்கி வந்த மாவை செல்லம்மா ஏறிட்டும் பார்க்கவில்லை. பால் கட்டிப்போய், வலியோடு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"அண்ணே, பிள்ளை அழுதானா?"

"இல்லட்டி. நல்லா தூங்குதான்."



"அப்பம் வேற யாரோ பால் குடுத்துட்டா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அழுதான் என்று சொல்லியிருந்தால் இந்தச் சாரலிலேயே குற்றாலத்துக்கு நடந்திருப்பாள். அங்கே கதவைத் திறக்க மாட்டார்கள்.