வலது பக்கத்துத் திருகுகள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். மகள் வீட்டுக்குப் போன பிறகு உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் கேட்டால் "பரவாயில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். கடிதத்திலாவது உண்மையைச் சொல்.

அத்தான் பாதியில் விட்ட வேலையை முடிக்கலாமென்று உன் வீட்டு ஷெட்டைத் திறந்துவிட்டேன். அவர் போய் இரண்டு வருஷமாகியும், ஆசைக்குத் தன் கையாலேயே கட்டிய அந்தச் சின்ன விமானம் நேற்று விட்டுப்போன மாதிரியே நிற்கிறது. மூக்கில் விசிறியை மாட்டி, அதன் நடுவில் கூம்பும் வைத்துவிட்டார். கூம்புக்கும் எஞ்சின் மூடிக்கும் இடையே சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி இருக்க ஐஸ் குச்சிகளைச் செருகி டேப் ஒட்டியிருக்கிறார். எத்தனை ஐஸ் தின்றீர்கள் இரண்டு பேரும்! மூடியின் இடது பக்கம் எல்லாத் திருகும் போட்டாகிவிட்டது. வலது பக்கம் ஒரு துளைகூட இல்லை. டேப்பில் பென்சிலால், "வலது: அவள் வந்த பிறகு" என்று எழுதியிருக்கிறார். யார் அக்கா அந்த அவள்? சொல்லாவிட்டால் ஊரெல்லாம் கேட்டுவிடுவேன்.

உன் தம்பி

மார்ச் 15

அக்காவுக்கு,

பதிலே இல்லையே, கோபமா? விளையாட்டுக்குத்தான் கேட்டேன்.

வலது பக்கத்தைத் தனியாகச் செய்து பார்த்தேன். மூடி இறங்கிப்போய்க் குச்சிகளை நசுக்குகிறது; இப்படியே திருகினால் கூம்பில் உரசும். ஒருவர் தூக்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் துளை போட முடியும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா?

தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

யாரையும் கூப்பிடாதே. அந்த அவள் நான்தான்.

அந்த டேப்பை ஒட்டிய அன்று காலையில் எங்களுக்குச் சண்டை. என் தையல் கத்தரிக்கோலால் டேப் வெட்டி அதைப் பிசுபிசுவென்று ஆக்கிவிட்டார். பதினொரு மணிக்கு ஷெட்டிலிருந்து, "ஒரு கை பிடிக்க வாயேன்" என்று கூப்பிட்டார். "வரேன்" என்று சொல்லிவிட்டு வீம்புக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை கூப்பிட்டார். நாலாவது தடவை கூப்பிடவில்லை. கோபமாக்கும், இருக்கட்டும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தபோது சக்கரத்தோரம் கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இங்கே எட்டாவது மாடி. இங்கேயும் தினம் பதினொரு மணிக்கு அந்தக் குரல் கேட்கிறது. டாக்டரிடம் போகலாம் என்கிறாள் மகள். டாக்டர் என்ன செய்வார்? அவர் கூப்பிடுவது என்னை.

அடுத்த ஞாயிறு வருகிறேன். குச்சிகளை எடுத்துவிடாதே.

அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மூடிக்குத் தோளால் முட்டுக் கொடுத்தது இன்னும் வலிக்கிறது. துளைக்குத் துளை, "விட்டுடாதேக்கா, விட்டுடாதே" என்று என்ன அதட்டல் உனக்கு! கடைசித் திருகு ஏறியதும் குச்சிகளை உருவிவிட்டு விசிறியைக் கையால் சுற்றினாயே, எங்கும் உரசவில்லை. நான் அழுதது சந்தோஷத்தில் என்று நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பி வந்ததிலிருந்து குரல் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு டிவியை அணைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றுமில்லை. "பார்த்தியாம்மா, சரியாயிடுச்சு" என்கிறாள் மகள். அவர் என்னோடு மிச்சமிருந்தது அந்தக் கூப்பிடுதலில் மட்டும்தான், தம்பி. அதையும் நானே திருகி மூடிவிட்டு வந்திருக்கிறேன்.

விமானம் பறக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதுவரைக்கும் வலது பக்கத்தில் ஒரே ஒரு திருகைக் கழற்றி வை. இந்த முறை அவர் கூப்பிட்டால் முதல் தடவையிலேயே எழுந்து போய்விடுவேன்.

அக்கா